விசுவாசம் முதலில் யாரிடம் குறைந்தது?

நம் சமுதாயத்து வணிகர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடினால், அது வலீமா விருந்தாயினும் சரி, ஜனாஸா வீட்டுத் திண்ணையாயினும் சரி, ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. இக்காலத்தில் வேலைக்கு வருகிறவர்களிடம் விசுவாசம் இல்லை என்பதே அப்பேச்சு. ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். பெருநாள் நெருக்கடியில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். வாப்பா காலத்துப் பணியாளர்கள் எப்படிப்பட்டவர்கள், கடையைத் தம் வீடாக நினைத்தவர்கள், முப்பது ஆண்டுகள் ஒரே கல்லாவின் அருகில் நின்று முடி நரைத்தவர்கள் என்று ஒருவர் நினைவுகூர்வார். மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பிறகு பிரியாணி வந்துவிடும்.

ஊக்கம் குறைந்துவிட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. கண்ணுள்ள எவரும் கடைவீதியில் அதைக் காணலாம். நாம் கேட்பது வேறு. அது எந்த மாதத்தில் குறைந்தது? யார் செய்த எதற்குப் பின் குறைந்தது? வாப்பா காலத்துப் பணியாளரைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள், வாப்பா காலத்து முதலாளியைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

கடையை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும், திருச்சி, மதுரை, நெல்லைக் கடைவீதிகளிலும் நம்மவர் துணிக்கடைகள், காலணிக்கடைகள், அத்தர் கடைகள், பாத்திரக்கடைகள், கைப்பேசிக் கடைகள் நடத்துகிறார்கள். அதே குடும்பத்தின் இன்னொரு கிளை துபாய் தேராவிலோ கோலாலம்பூரிலோ மற்றொருவர் கடையில் நின்று சம்பளம் வாங்குகிறது. பெரியப்பா முதலாளி, சித்தப்பா மகன் பணியாளர். ஆகவே இது யாரோ ஒரு வர்க்கத்தாரைப் பற்றிய பேச்சன்று. ஒரே தஸ்தர்கானில் அமர்ந்து உண்ணும் இரு தரப்பாரைப் பற்றியது.

முதலில், சம்பள வெட்டு நம் கடைகளில் எந்த உருவில் வருகிறது என்பதைச் சொல்லிவிடுவோம். அது பெரும்பாலும் வெட்டு என்ற பெயரில் வருவதில்லை. மாத முதல் வாரத்தில் கைக்கு வரும் உறையில் ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கும். கேட்டால் கணக்குப்பிள்ளை மாடியறையை நோக்கிக் கையைக் காட்டுவார். மாடியறையில் முதலாளி தொலைபேசியில் இருப்பார். சில இடங்களில் சம்பளம் அப்படியே இருக்கும். மதியச் சாப்பாட்டுப் படி நின்றிருக்கும். விற்பனைக் கமிஷன் நூற்றுக்கு ஒன்றிலிருந்து அரையாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பேட்டா போயிருக்கும். இன்னும் சில இடங்களில் மூவர் பார்த்த பகுதியை இருவர் பார்ப்பார்கள். போன மூன்றாமவரின் சம்பளத்தில் ஒரு காசும் இவ்விருவருக்கும் வராது. இதற்குச் 'சிக்கனம்' என்று பெயர்.

ஆட்குறைப்பும் அப்படியே. ஷஅபானில் ஆள் சேர்க்கிறோம். ரமளான் முழுவதும் நோன்போடு இரவு பதினொன்று, பன்னிரண்டு மணி வரை நிற்க வைக்கிறோம். ஷவ்வால் பிறை கண்டு பெருநாள் முடிந்த இரண்டாம் வாரத்தில், "ஊருக்குப் போய்விட்டு வா, சொல்லி அனுப்புகிறோம்" என்கிறோம். அந்தச் சொல்லியனுப்புதல் வருவதேயில்லை. பண்டிகைக்கால வேலை என்று முன்பே தெளிவாகச் சொல்லிச் சேர்த்திருந்தால் அதில் குற்றமில்லை. சொல்லாமல் சேர்ப்பதும், நிரந்தரமாக வைப்போம் என்ற நம்பிக்கையைத் தூண்டிவிட்டு இரட்டை உழைப்பை வாங்கிக்கொள்வதும், பிறகு ஒரு வார்த்தையில் அனுப்பிவிடுவதும்தான் நாம் எதிர்க்கும் வழக்கம். பத்தாண்டுகளாக இருந்தவரைக்கூட, 'சம்பளம் அதிகமாகிவிட்டது' என்ற ஒரே காரணத்துக்காக இதே சொல்லால் அனுப்பிவைக்கும் கடைகள் உள்ளன.

இதற்குப் பின் கடையில் எஞ்சி நிற்பவர் மனத்தில் என்ன நிகழ்கிறது?

ஒரு துணிக்கடை விற்பனையாளர் செய்யும் வேலையில் பாதி எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாதது. இருபது சேலைகளைப் பிரித்துப் போட்ட பிறகும் முகம் சுளிக்காமல் இருபத்தொன்றாவதை எடுப்பது அவர் விருப்பம். உம்மாவுக்கு வெளிர் நிறம் பிடிக்கும், மகளுக்கு அரக்கு பிடிக்கும், பணம் கொடுப்பவர் மாமா, ஆகவே மாமாவின் கண்ணுக்கு முதலில் விலைச்சீட்டைக் காட்டக் கூடாது என்பதெல்லாம் அவர் கற்று வைத்திருக்கும் கலை. சாயம் போகும் துணியை, 'இது வேண்டாம், பாட்டியம்மா' என்று தாழ்ந்த குரலில் சொல்லி அடுத்ததைக் காட்டுவது அவருடைய நேர்மை. அந்த நேர்மையினால்தான் அக்குடும்பம் அடுத்த கல்யாணத்துக்கும் அதே கடைக்கு வருகிறது. கிடங்கில் எந்த அளவு தீர்ந்தது, எந்தச் சரக்கு மூன்று மாதமாக அசையவில்லை என்பதை அவர் போகிறபோக்கில் முதலாளியிடம் சொல்வார். இவற்றில் எதையும் செய்யாமலே ஒருவர் காலை ஒன்பதரைக்கு வந்து இரவு ஒன்பதரைக்குப் போக முடியும். யாரும் அவர்மீது குற்றம் சொல்ல இயலாது. அவர் வேலையைத்தானே பார்த்தார்?

சம்பளத்தைக் குறைக்கும்போது முதலில் கடையை விட்டுப் போவது இந்த எழுதப்படாத பாதிதான். முதலாளி ஆயிரம் ரூபாயைக் கழித்தார். பணியாளர் இருபத்தொன்றாவது சேலையைக் கழித்தார். முன்னது கணக்குப் புத்தகத்தில் இலாபமாகத் தெரிகிறது, பின்னது எப்புத்தகத்திலும் தெரிவதில்லை. ஆறு மாதம் கழித்து விற்பனை சரிந்திருப்பது தெரியும்போது, இணைய வணிகம் வந்துவிட்டது என்று காரணம் சொல்லப்படுகிறது. அதைச் சொல்லி மேலும் ஒருவரை அனுப்புகிறோம்.

ஒருவரை அனுப்பும்போது எஞ்சியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நம்மவர் மறந்துவிடுகின்றனர். போனவர் அவர்களோடு ஒரே தூக்குச்சட்டியில் உண்டவர். அவர் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கும்போது, எஞ்சியவர்களுக்கு முதலில் ஒரு நிம்மதி, உடனே அந்த நிம்மதியைப் பற்றிய வெட்கம், பிறகு அச்சம். அடுத்தது யார் என்ற கணக்கு தொடங்குகிறது. முதலாளியின் காதில் யார் என்ன சொல்கிறார் என்று ஒருவரையொருவர் கண்காணிக்கிறார்கள். புதிதாக வந்த இளைஞனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க மூத்தவர் தயங்குகிறார். குறைந்த சம்பளத்துக்கு இவனை வைத்துக்கொண்டு தம்மை அனுப்பிவிடுவார்களோ என்ற ஐயம். கல்லாவில் இருப்பவர் தவறு நடந்தால் மறைக்கிறார். முன்பு முதலாளிக்கு உடல்நலம் இல்லையென்றால் துஆச் செய்தவர்கள், இப்போது அவர் வருகை தாமதமானால் மகிழ்கிறார்கள். இவ்வளவும் நிகழ்ந்த பிறகுதான் வலீமா விருந்தில் 'விசுவாசம் இல்லை' என்ற பேச்சு எழுகிறது.

இது நம் கற்பனை என்று எண்ணுவோருக்கு, பிறர் ஆராய்ந்து கண்டதைக் காட்டுகிறோம். யேல் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ட்ரூமன் பியூலி, 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் தொழில்கள் சரிந்திருந்தபோது, 300-க்கும் மேற்பட்டோரை நேரில் கண்டு பேசினார். அவர்களில் பெரும்பாலோர் முதலாளிகளும் மேலாளர்களும். வேலையில்லாதோர் வாசலில் வரிசையாக நிற்கும்போது, இருப்பவர் சம்பளத்தை ஏன் குறைக்காமல் இருக்கிறீர்கள் என்பதே அவர் கேள்வி. பணியாளரின் மனம் முறிந்துவிடும், முறிந்த மனத்தோடு அவர் உள்ளேயே இருப்பார் என்பதுதான் மீண்டும் மீண்டும் வந்த விடை. 1999-இல் அவர் இதை நூலாக வெளியிட்டார். சொன்னவர்கள் தொழிற்சங்கத் தலைவர்கள் அல்லர், முதலாளிகள். தம் பணப்பையின் நலனை எண்ணியே சொன்னார்கள்.

மற்றொன்று, ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1990-இல் வெளியிட்டது. ஒரே நிறுவனத்தின் மூன்று ஆலைகள். அவை கடைகள் அல்ல, உற்பத்தி ஆலைகள். ஆயினும் பாடம் பொருந்தும். இரண்டு ஆலைகளில் பத்து வாரங்களுக்குச் சம்பளத்தை 15 விழுக்காடு குறைத்தார்கள். மூன்றாவதில் குறைக்கவில்லை. குறைத்த ஆலைகளில் பொருள் திருட்டு கூடியது. ஆனால் இரண்டிலும் ஒரே அளவில் கூடவில்லை. ஓர் ஆலையில் தலைமை நிர்வாகி பணியாளரைக் கூட்டி, ஒப்பந்தங்கள் கைநழுவியதைக் கணக்குகளோடு விளக்கி, வருத்தம் தெரிவித்து, அவர்கள் கேள்விகளுக்கு விடையளித்தார்; அக்கூட்டம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நடந்தது. மற்றொன்றில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். அங்கேதான் திருட்டு மிகுந்தது. வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். பழைய சம்பளம் திரும்பியதும் திருட்டும் பழைய அளவுக்குத் திரும்பியது. திருட்டை நாம் நியாயப்படுத்தவில்லை. ஒரே வெட்டு, இரு விதமாகச் சொல்லப்பட்டபோது, இரு விதமான மனிதர்களை உண்டாக்கியது என்பதைப் பாருங்கள்.

ஆட்குறைப்புக்கு உதாரணமாகச் சர்க்யூட் சிட்டியின் கதையைச் சொல்லலாம். அமெரிக்காவில் மின்னணுப் பொருள்கள் விற்ற மிகப் பெரிய கடைத்தொடர்களுள் ஒன்று அது. 2007 மார்ச் மாதம் தன் கடைப் பணியாளரில் ஏறத்தாழ 3,400 பேரை ஒரே நாளில் நீக்கியது. அவர்கள் செய்த குற்றம், அவ்வேலைக்குச் சந்தையில் நிலவிய சம்பளத்தைவிட அதிகமாகப் பெற்றது. அதாவது, அனுபவம் மிக்கவர்கள். பத்து வாரம் கழித்துக் குறைந்த சம்பளத்துக்கு விரும்பினால் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் நுணுக்கம் அறிந்தவர் போய்விட்டார், விலையை மட்டும் படித்துச் சொல்லத் தெரிந்தவர் நின்றார். 2008 நவம்பரில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. 2009 மார்ச் மாதம் கடைசிக் கடையும் மூடப்பட்டது. அமெரிக்கப் பொருளாதாரச் சரிவும் போட்டியும் கடனும் அதன் வீழ்ச்சியில் பங்கு கொண்டவை. முழுப் பழியையும் அந்த ஒரு நாள் மீது போடுவது நேர்மையாகாது. ஆனால் சிக்கனத்தால் கடையைக் காப்பாற்றுகிறோம் என்று சொன்னவர்கள் கடையைக் காப்பாற்றவில்லை.

ஸ்பெயின் நாட்டு மளிகைத் தொடரான மெர்க்கடோனா அதே நெருக்கடிக் காலத்தில் வேறு வழியில் சென்றது. ஆட்களை வெளியேற்றாமல், தேவையற்ற பொருள்வகைகளையும் வீண் செலவுகளையும் குறைத்து விலையைத் தாழ்த்தியது. எதைக் குறைக்கலாம் என்பதைக் கடையில் நிற்கும் பணியாளரிடமே கேட்டது. நம் கடைகளில் எத்தனை பேர் அப்படிக் கேட்டிருக்கிறோம்? அலமாரியில் மூன்று ஆண்டுகளாக உறங்கும் சரக்கை வாங்கிப் போட்டவர் முதலாளியின் மைத்துனராயிருக்கும்போது, அதைக் கேட்கும் துணிவு யாருக்கு வரும்?

முதலாளிகள் தரப்பில் சொல்லப்படுவதையும் கேட்போம், அதில் உண்மை உண்டு. கடை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. வட்டியைத் தவிர்க்க நினைப்பவருக்கு வங்கிக் கடன் வழியும் அடைபட்டிருக்கிறது. வாடிக்கையாளர் கடையில் வந்து அணிந்து பார்த்துவிட்டு, அளவைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் வாங்குகிறார். பெரிய நிறுவனங்கள் தெருமுனையில் நான்கு மாடிகள் எழுப்புகின்றன. வியாபாரமே இல்லாதபோது சம்பளத்தை எங்கிருந்து கொடுப்பது?

2020 நினைவிருக்கிறதல்லவா? மார்ச் 25-இல் நாடு முடங்கியது. ஏப்ரல் 25-இல் ரமளான் பிறந்தது. ஆண்டின் பாதி வியாபாரம் நடக்க வேண்டிய மாதத்தில் கடைவீதிகள் பூட்டிக் கிடந்தன. முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மத்திய உள்துறை மார்ச் 29-இல் ஆணையிட்டது. மே 18 முதல் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்ற வழியைக் காட்டியது. அக்காலத்தில் பாதிச் சம்பளம் கொடுத்த முதலாளியை நாம் குறை கூறவில்லை. கடனை வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு; அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரிவானாக. நம் கேள்வி அதன் பிறகு நடந்ததைப் பற்றியது. கடைகள் திறந்தன, திருமணங்கள் நடந்தன, வியாபாரம் திரும்பியது. 'தற்காலிகம்' என்று குறைத்த சம்பளத்தைத் திரும்ப உயர்த்தாமல், அதையே புதிய சம்பளமாக ஆக்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? நெருக்கடி நீங்கியது, வெட்டு மட்டும் நின்றுவிட்டது. கடைப் பணியாளர் அதை மறக்கவில்லை. அன்று பொறுத்துக்கொண்டவர்தான் இன்று ஐந்நூறு ரூபாய்க்காக அடுத்த கடைக்குப் போகிறார்.

அதே மாதங்களில் வளைகுடாவில் வேலை செய்த நம் பிள்ளைகள் சம்பளம் பாதியானதென்று தொலைபேசியில் அழுதபோது, இங்கே நாம் அந்நாட்டு முதலாளிகளைச் சபித்தோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அப்போது வெளியான 279-ஆம் எண் தீர்மானம் சம்பளக் குறைப்பை அனுமதித்தது உண்மை. ஆனால் வீட்டிலிருந்து வேலை, சம்பளத்துடன் விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு என்று படிப்படியாகச் சென்று, அதன் பிறகே குறைப்பு. அதுவும் பணியாளர் உடன்பட்டு, எழுத்தில் கையொப்பமிட்டு. ஏட்டில் இருந்தது எல்லா இடத்திலும் நடந்தது என்று நாம் சொல்ல மாட்டோம். நம் ஊர்க் கடைகளில் ஏட்டிலும் இல்லை.

பணியாளர் மனத்தை முறிப்பது தொகை மட்டுமன்று. சிரமத்தைச் சேர்ந்து தாங்குகிறோம் என்று அவர் நம்பினால், அவர் தாங்குவார். நம் மக்களுக்கு வறுமை புதிதன்று. ஆனால் வியாபாரம் இல்லை என்று சம்பளத்தைக் குறைத்த அதே ஆண்டில், முதலாளி வீட்டுத் திருமணம் குளிரூட்டிய மண்டபத்தில் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு நடக்கிறது. அழைப்பிதழைக் கடைப் பணியாளரே ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மண்டபத்துக்கு முந்தின நாளே வந்து சீர்ப் பெட்டிகளைச் சுமக்கிறார்கள், பந்தியில் சஹன் எடுத்து வைக்கிறார்கள். எத்தனை ஆடு, எத்தனை மூட்டை சீரகச்சம்பா என்பது அவர்களுக்குக் கணக்குப்பிள்ளையைவிட நன்றாகத் தெரியும். கடைவாசலில் புதிய கார் நிற்கும்போது அதைத் துடைப்பவரும் அவரே. 'வியாபாரம் இல்லை' என்ற சொல்லை அவர் இனி எப்படி நம்புவார்? இவ்விடத்தில் நம் பெண்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுச் செலவும் கல்யாணச் செலவும் உங்கள் அறிவில்லாமல் தீர்மானிக்கப்படுவதில்லை. கடையில் யாருடைய சம்பளம் இம்மாதம் குறைந்தது என்று கணவரிடம் கேளுங்கள்.

மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லை. ஆயினும் அதைத் தாமதத்தைப் பற்றியதாக மட்டும் எடுத்துக்கொண்டு, குறைப்பைப் பற்றி மௌனம் காக்கிறோம். வேலைக்கு அமர்த்துதல் ஷரீஅத்தில் இஜாரா என்னும் ஒப்பந்தம். கூலி இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும், இரு தரப்பும் மனமொப்பியிருக்க வேண்டும். உழைத்து முடித்த நாள்களுக்கான கூலி முதலாளியின் மீது கடன். அதில் ஒரு ரூபாயையும் அவர் தாமாகக் குறைக்க இயலாது, கடன் கொடுத்தவர் மன்னித்தாலன்றி. வரும் மாதங்களுக்குக் குறைக்க விரும்பினால் அது புதிய ஒப்பந்தம். முன்கூட்டிச் சொல்லி உடன்பாடு பெற வேண்டும். மாதம் முடிந்த பிறகு உறையைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடுவது எந்த உடன்பாடு? வேலையாளிடம் முழு உழைப்பையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று புகாரியில் பதிவாகியுள்ள எச்சரிக்கை, முழுக் கூலியையும் மறுப்பவனுக்கு மட்டும்தான் என்று எண்ணி அமைதி கொள்ள இடமில்லை. அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்போரைக் கண்டித்து ஒரு முழு அத்தியாயமே தொடங்குகிறது. பன்னிரண்டு மணி நேரத்தை நிறைவாக அளந்து வாங்குகிறோம் அல்லவா?

குகையில் சிக்கிய மூவரின் செய்தியை மத்ரஸாவில் சிறுவயதிலேயே கேட்டிருப்போம். அவர்களில் ஒருவர் தம் கூலியாள் வாங்காமல் விட்டுப்போன சிறிதளவு தானியத்தை விதைத்துப் பெருக்கினார். ஆண்டுகள் கழித்து அவன் வந்து கேட்டபோது, மாடுகளையும் மேய்ப்பவனையும் சேர்த்து அப்படியே ஒப்படைத்தார். பாறை விலகுவதற்கு அவர் முன்வைத்த அமல் தொழுகையன்று, நோன்பன்று, ஒரு வேலையாளின் கூலி. இதை நாம் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறோம்.

இதைவிடக் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண்டு முழுவதும் மாதம் இரண்டாயிரம் குறைத்துக் கொடுத்த முதலாளி, ரமளான் கடைசிப் பத்தில் அதே பணியாளரை அழைத்து, ஒரு வேட்டியும் சேலையும் ஐந்தாயிரம் ரூபாயும் ஸகாத்தாகக் கொடுக்கிறார். பணியாளர் தலை குனிந்து வாங்கிக்கொள்கிறார். முதலாளி அதை ஸகாத் கணக்கில் எழுதிக்கொள்கிறார். இருபத்து நான்காயிரம் ரூபாய் ஹக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்தாயிரம் ரூபாய் தர்மம். ஏழையாயிருக்கும் பணியாளர் ஸகாத் பெறத் தகுதியானவரே. ஆனால் கூலிக்கு ஈடாகவோ, கூலி உயர்வைக் கேட்காமலிருப்பதற்காகவோ, வேலையை விட்டுப் போகாமல் தடுப்பதற்காகவோ கொடுக்கும் பணம் ஸகாத் ஆகாது என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கூலி அவருடைய சொத்து. அவருடைய சொத்தைக் கொண்டே நம் கடமையை நிறைவேற்றிவிட்டோமென்று நினைப்பது எத்தகைய துணிவு! கடையில் நம்மோடு உழைக்கும் பிற சமயச் சகோதரருக்கோ அந்த ஸகாத்தும் சென்று சேர்வதில்லை. அவருக்கு வெட்டு மட்டுமே.

மனம் முறிவது இவ்விடத்தில்தான் முழுமையாகிறது. உரிமையாக வர வேண்டியது யாசகமாக வரும்போது, வாங்குகிறவர் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. தம் உழைப்பின் பயனைத் தாமே இரந்து பெற்றவர், மறுநாள் கடையில் நிமிர்ந்து நின்று வாடிக்கையாளரை எப்படி வரவேற்பார்?

நாட்டின் சட்டத்தையும் நம்மவர் அறிந்திருப்பது நல்லது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது என்கிறது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தர வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணிபுரிந்தவர் விலகும்போது, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை அவருக்குரியது. கடையில் நிற்பவருக்கு அமர ஓர் இருக்கை வேண்டும் என்பதையே 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் மனிதனுக்கு நாற்காலி போட ஒரு சட்டமன்றம் தேவைப்பட்டதை எண்ணி வணிகச் சமுதாயங்கள் அனைத்துமே வெட்கப்பட வேண்டும், நாம் உட்பட.

வெட்டைத் தவிர்க்கவே முடியாத நிலை வரும் என்பதை நாம் ஏற்கிறோம். வந்தால், முதலாளி தம் வீட்டுக்கு எடுக்கும் தொகையை முதலில் குறைக்கட்டும், அதைப் பணியாளர் அறியட்டும். மாதம் தொடங்குமுன் அனைவரையும் அமர வைத்து, விற்பனை எவ்வளவு, வாடகை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று சொல்லட்டும். கணக்கைக் காட்டினால் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள், கணக்கைப் பணியாளர் ஏற்கெனவே அறிவார் என்பதை அறியாதவர்கள். மிகக் குறைந்த சம்பளம் பெறுவோரைத் தொடாமல், மேலிருந்து குறைத்து வரட்டும். எத்தனை மாதத்துக்கு, எந்நாளில் பழைய நிலை திரும்பும் என்பதை எழுதி, கையொப்பமிட்டு, ஒரு படியைப் பணியாளரிடம் கொடுக்கட்டும். கடனை எழுதி வைக்கச் சொன்ன வேதத்தை உடையவர்கள் நாம். எழுதுவதை அவநம்பிக்கை என்று கருதத் தேவையில்லை. ஆளைக் குறைத்தே தீர வேண்டுமென்றால் ஒரே முறையில், முன்னறிவிப்போடு, சேர வேண்டியதை எண்ணிக் கொடுத்து, வேறு கடையில் சொல்லி வேலை தேடித் தந்து அனுப்பட்டும். வாரத்துக்கு ஒருவராக அனுப்புவது எஞ்சியவர்களை வாரந்தோறும் ஒரு முறை கொல்வதாகும்.

பணியாளராக இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு சொல். குறைந்த தொகையையும் குறைந்த மாதத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், தனியாக அல்ல, நால்வராகச் சேர்ந்து. கல்லாவிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் அதை விரட்டுங்கள். உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் அதோடு போய்விடும்.

ஜமாஅத் நிர்வாகிகள் திருமண வழக்கையும் சொத்து வழக்கையும் பஞ்சாயத்துப் பேசுகிறார்கள். ஒரு கடைப் பணியாளரின் சம்பள வழக்கு அந்த மேசைக்கு வருவதை நாம் கண்டதில்லை; பேசுகிறவர்களில் பாதிப் பேர் கடை வைத்திருப்பவர்கள் என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம். ஷஅபான் பிறந்தால் ஆள் சேர்ப்பு தொடங்கிவிடும். அதற்கு முன், ரஜபிலேயே ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு நம் வணிகர்களைப் பள்ளிவாசல் மாடியில் அமர வைத்து இதைப் பேசுங்கள். பணியாளர்களையும் அழையுங்கள். அவர்கள் வர வேண்டுமானால் அன்று கடைகளை ஒரு மணி நேரம் கூடுதலாக அடைத்து வைக்க வேண்டியிருக்கும், அந்த ஒரு மணி நேரச் சம்பளத்தைப் பிடிக்காமல்.